மூன்றாம் மேஜையின் பச்சை

இந்தக் கதையில் ஓர் இடம் எனக்கு நிச்சயமில்லை. மேலாளரின் முகத்துக்கு நேரே பிழையக்கா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாளா, இல்லை சும்மா நின்றாளா என்பதுதான் அது. அன்று அந்த அறையில் இருந்தவர்களைத் தனித்தனியே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. வருஷங்கள் போகப் போக என் மனசும் தன் பங்குக்கு எதையாவது சேர்த்திருக்கும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மருந்துப் பெட்டியைத் திறந்தால், மாத்திரை அட்டையோடு எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருக்குமே, பெரும்பாலோர் பிரிக்காமலே கசக்கிப் போடுவது, அதைத் தயாரிப்பதுதான் பிழையக்கா வேலை பார்த்த நிறுவனத்தின் தொழில். இரண்டாம் மாடியில் நீளமான ஒரே அறை. ஒரு மூலையில் பக்கம் அமைப்பவர். அவரிடமிருந்து கோப்பு முதல் மேஜைக்கு வரும். அங்கே எழுத்துப்பிழை பார்ப்பார்கள். இரண்டாம் மேஜை எண்களை மட்டும் பார்க்கும்: எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை வயதுக்கு மேல். மூன்றாம் மேஜை முழுவதையும் ஒரு தடவை, காய்ச்சலோடு படுத்திருப்பவன் படிப்பதுபோல நிதானமாகப் படிக்கும். மூன்றாம் மேஜை 'சரி' என்று அழுத்திவிட்டால் அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் ஒரு காற்புள்ளியை நகர்த்த முடியாது.

அந்த மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவள் பிழையக்கா. வீட்டில் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பிழை பிடிக்கிற அக்கா என்பதைச் சுருக்கிப் 'பிழையக்கா' ஆக்கியவர் பக்கம் அமைப்பவர். அவள் மறுக்கவில்லை. பொதுவாகவே எதையும் மறுத்துப் பேசுகிறவள் இல்லை. காலையில் வந்தால் ஒரு தலையசைப்பு, மாலையில் போகும்போது ஒன்று. நடுவில் ஏதாவது பேசினால் அது ஒரு தாளின் பிழையைப் பற்றியதாக இருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு தப்புகூட வெளியே போனதில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த நிமிர்வு ஒருநாள் ஆட்டம் கண்டது.

அவள் 'சரி'யை அழுத்தக் கையைக் கொண்டுபோன நேரம். தேநீர்க் கோப்பையோடு பின்னால் போன இரண்டாம் மேஜைக்காரி நின்றாள்.

"அக்கா, இருங்க இருங்க. மூணு வயசுக்கு மேலனு திருத்தச் சொல்லியிருந்தேனே. இது எட்டால்ல இருக்கு?"

பிழையக்கா திரையைப் பார்த்தாள். எட்டுமில்லை, மூன்றுமில்லை. வெள்ளை வெளிச்சத்தின் நடுவில் ஒரு கறுப்பு முடிச்சு இருந்தது.

"ஆமா," என்றாள். "எட்டுதான்."

"நல்லவேளை. நான் ஒண்ணும் பாக்கல, நீங்க ஒண்ணும் அழுத்தல," என்று சொல்லிவிட்டு இரண்டாம் மேஜைக்காரி நகர்ந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசு அதைவிட நீளம்.

ஏழு மாதமாகவே அப்படித்தான் இருந்தது. திரையின் வெள்ளை, எதிரே வரும் லாரியின் விளக்கு மாதிரி முகத்தில் அடித்தது. எழுத்துகள் அந்த வெளிச்சத்தில் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. புருவத்தின்மேல் கையைக் குடைபிடித்துப் படித்தாள். வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளையும் எழுத்தும் சேர்ந்தே மங்கின. ஒரே வரியை நான்கு தடவை படித்தாள். வேலை பின்தங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் லென்ஸ் லேசாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது என்றார். அறுவை சிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது, இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். அதுவரை கூசும் வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும்.

"வேலையே அதுதாங்க," என்றாள் அவள்.

மருத்துவர் அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வீட்டில் அவளும் கணவரும்தான். அவர் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியையோ காய்ந்த இலையையோ கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தில் ஒரு டப்பா கலந்து கொடுத்துவிடுவார். எத்தனை சொட்டு மஞ்சள், எத்தனை சொட்டு கறுப்பு என்பதெல்லாம் கையிலேயே இருந்தது. அவரும் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து, ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு மாலை முழுக்க இருந்துவிடுவார்கள். சண்டை என்று பக்கத்து வீட்டில் நினைத்ததுண்டு.

மருத்துவர் சொன்னதை இரண்டு நாள் கழித்துத்தான் கணவரிடம் சொன்னாள். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"வெள்ளச் சுவர் மத்தியான வெயில்ல கூசும்," என்றார் கடைசியில். "அதுக்கு யாரும் கண்ணைக் குறை சொல்லமாட்டாங்க. சுவரைத்தான் மாத்துவாங்க."

"அது சுவர் இல்லீங்க. கம்ப்யூட்டர்."

"அதுலயும் ஏதோ ஒரு நிறம்தானே அடிச்சிருக்கு?"

மறுநாள் மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, திரையின் காலி இடத்தில் சுட்டியை வைத்து வலது பொத்தானை அழுத்தினாள். அதில் 'தோற்றம்' என்று ஒரு பகுதி இருந்தது. அப்போதைய கணினிகளில் அது ஒரு பெரிய வசதி. ஜன்னலின் பின்னணிக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம், தேர்ந்தெடுத்த வரிக்கு ஒரு நிறம் என்று தனித்தனியே கொடுக்கலாம். அங்கே ஓரிடத்தில் மாற்றினால் எல்லாக் கோப்பிலும், எழுதுகிற பக்கம் உட்பட, தாளின் நிறமே மாறிவிடும். அச்சாகும்போது மட்டும் வழக்கம்போலக் கறுப்பில் வரும். நிறத்துக்குப் பெயர் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எத்தனை என்று பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்துக்குள் எண் கேட்டது.

பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இது சொட்டுக் கணக்கு. இது அவருடைய வேலை.

அன்று மாலை அவர் கடையிலிருந்து ஒரு கட்டு அட்டை கொண்டுவந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொன்றின்மேலும் வேறொரு நிறத்தில், மெல்லிய தூரிகையால், மூன்றும் எட்டும் ஐந்தும் ஆறுமாகப் பொடி எண்களை எழுதினார். சமையலறை அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டினார். எதிரே நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நேர் மேலே குழல்விளக்கைப் போட்டுவிட்டார்.

"படி."

அவள் படித்தாள். எங்கே திக்கினாளோ அந்த அட்டையை அவர் கிழித்தெடுத்தார். முதலில் அவளுக்குக் கறுப்புமேல் வெள்ளைதான் நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. அதுதான் நேர் எதிர் இல்லையா.

"ஆகாது," என்றார் அவர். "முழுக் கறுப்புமேல முழு வெள்ள வெச்சா எழுத்துக்கு மீசை மொளைக்கும். கொஞ்ச நேரம் பாரு."

பார்த்தாள். மெய்தான். ஒவ்வொரு எண்ணைச் சுற்றியும் ஒரு வெள்ளைப் பஞ்சு வளர்ந்தது.

ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் கணவரின் அக்கா வந்தவர், அலமாரிக் கதவைப் பார்த்துச் செருப்பைக் கழற்றவும் மறந்து நின்றார்.

"டேய், இது வீடா கடையா? பாத்திரம் எங்கடா வைப்பீங்க?"

"கண்ணுக்கு மருந்துக்கா," என்றார் அவர்.

"கண்ணுக்கு மருந்து கண்ணுலல்ல விடணும்? கதவுலயா ஒட்டுவாங்க?" நாத்தனார் இவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவன்தான் பெயிண்ட் வாசம் பிடிச்சுப் பிடிச்சு இப்படி ஆயிட்டான். உனக்கு என்ன வந்தது?"

பிழையக்கா நாற்காலியிலிருந்து எழாமல், "அஞ்சு, மூணு, மூணு, எட்டு, ஆறு," என்றாள்.

ஒரு எண்ணில்கூடத் திக்கவில்லை. கதவில் அப்போது ஒரே ஒரு அட்டைதான் மீதி இருந்தது: கரும்பச்சை. அதன்மேல் வெளிர் மஞ்சள், பழைய கடிதத்தின் நிறம். அவர் அந்த அட்டையைப் பக்குவமாக உரித்தெடுத்துச் செய்தித்தாளில் சுற்றி அவள் கைப்பையில் வைத்தார். அவர் முகத்தில் அன்று இருந்த களையை நாத்தனார் தன் தம்பியின் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லையாம். நாத்தனார் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான், ஆனால் இதை நான் நம்புகிறேன்.

மறுநாள் மதியம் அட்டையைத் திரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எண்களைக் கூட்டிக் குறைத்தாள். சிவப்பு நாற்பது, பச்சை அறுபது, நீலம் ஐம்பது. அட்டை திரைமேல் ஒரு கட்டம்போலத் தெரிந்தது. சிவப்பைக் குறைத்தாள். பச்சையையும் நீலத்தையும் குறைத்தாள். கட்டத்தின் ஓரம் மங்கியது. இருபத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்துநான்கு. அட்டையின் ஓரம் காணாமல் போனது. கையில் பிடித்திருப்பது மட்டும் தெரிந்தது, எங்கே அட்டை முடிந்து எங்கே திரை தொடங்குகிறது என்று தெரியவில்லை. யாருமில்லாத அறையில் பிழையக்கா ஒரு கையால் அட்டையைப் பிடித்தபடி அப்படியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் எழுத்தின் நிறத்தை மாற்றப் போனவள் ஒரு தப்புச் செய்தாள். பொத்தான்களின் பின்னணிக்கும் அதே கரும்பச்சையைக் கொடுத்துவிட்டு, பொத்தான்மேல் இருக்கும் எழுத்தையும் அதே நிறமாக்கிவிட்டாள். 'சரி' என்ற சொல்லும் 'ரத்து' என்ற சொல்லும் ஒருசேர மறைந்தன. எது எது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டாள். நாற்பது வயதுக்காரர். எல்லோரும் அவரை 'சிஸ்டம்' என்றே கூப்பிட்டார்கள்.

சிஸ்டம் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா! என்னக்கா, கம்ப்யூட்டர காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டீங்க?"

"பொத்தான் எங்கேனு மட்டும் காட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் காட்டினார். எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கவும், சுட்டியின் அம்பைத் தடிமனாக்கவும் சொல்லிக்கொடுத்தார். போகும்போது, "யாராவது கேட்டா நான் தொடலனு சொல்லிடுங்க. என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க," என்றார்.

சாப்பிட்டு வந்த கூட்டம் அவள் திரையைப் பார்த்து நின்றது.

"கரும்பலகையே வந்துடுச்சு!" என்றார் பக்கம் அமைப்பவர். கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், வீட்டுப்பாடம் நாய் தின்னுடுச்சு டீச்சர்."

"பெஞ்சு மேல ஏறி நில்லுங்க தம்பி," என்றாள் பிழையக்கா. அறையே சிரித்தது. அவள் நகைச்சுவையாக ஒன்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

அன்று பிற்பகல் ஏழு தாள் படித்தாள். முந்தின நாள் மூன்று. எழுத்துகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. மூன்று மூன்றாகவே, எட்டு எட்டாகவே தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். அந்த வாரத்திலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பில், பத்தியின் முடிவில், ஒரு வரி மட்டும் வெளிர் மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக வந்தது. படித்தால் மேலே உள்ள வரிக்கு முரணாக இருக்கும். பழைய வாசகத்தை எடுக்க மறந்திருக்கிறார்கள் என்று நினைத்து, குறிப்பு எழுதி அனுப்புவாள். பக்கம் அமைப்பவர் பரபரப்பாக, "எடுத்துட்டேன்க்கா, எடுத்துட்டேன்," என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். மற்ற இரண்டு மேஜையும் இவ்வளவு பளிச்சென்று இருப்பதை எப்படி விட்டார்கள் என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் கேட்கவில்லை. தான் தவறவிட்ட எட்டை யாருக்கும் சொல்லாமல் மறைத்தவளிடம் போய் எப்படிக் கேட்பது?

புது மேலாளர் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. சட்டை கசங்காத மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம். நாற்காலிகள் ஒரே உயரம், கோப்பைகள் ஒரே நிறம். பெரிய மருந்து நிறுவனம் ஒன்றிலிருந்து பார்வையாளர்கள் வரப்போவதாகத் தெரிந்ததும், எல்லாத் திரைகளும் வெள்ளைப் பின்னணியில் நிறுவனத்தின் சின்னத்தோடு இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அந்த மருந்து நிறுவனம் புதிதாக ஒரு சேவை தொடங்கியிருந்தது. பார்வையில்லாதவர்கள் ஒரு எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொன்னால், அந்தத் தாளில் இருப்பதை ஒரு இயந்திரக் குரல் படித்துக் காட்டும். இவர்கள் அனுப்பும் கோப்பிலிருந்து வாசகத்தை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளும். முதல் கோப்பு, குழந்தைகளுக்கான இருமல் மருந்து, பார்வையாளர்கள் வரும் அன்றே போக வேண்டும்.

திங்கட்கிழமை காலை பிழையக்கா வந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. சிஸ்டம் தூரத்திலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவள் உட்கார்ந்து, பார்க்காமலே எண்களை அடித்தாள். நான்கே நிமிஷத்தில் பச்சை வந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படி. புதன்கிழமை மேலாளரே மேஜைக்கு வந்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணு, உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணாம்மா?"

"இதுலதான் சார் எனக்குப் படிக்க வருது."

"அப்ப அதுல வராதா?"

அறையில் விசைகள் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. இத்தனை மாதமாக மறைத்து வைத்திருந்தது மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"வராது சார்," என்றாள். "கண்ணு கூசுது. லென்ஸ்ல புகை."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. கீழே கட்டு கட்டுற பிரிவுல இடம் இருக்கு. கண்ணுக்குச் சிரமம் இல்லாத வேலை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மருந்து விஷயம், கண்ணு சரியில்லாதவங்கள கடைசி மேஜைல வெச்சிருக்கோம்னு வெளில தெரிஞ்சா என்ன ஆகும்?"

பிழையக்கா தன் திரையைப் பார்த்தாள். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த அட்டைகள் ஞாபகம் வந்தன. துடைத்துத் துடைத்துக் காய்ந்த கை ஞாபகம் வந்தது.

"ஒரு கோப்பு கொடுங்க சார். மூணு மேஜையும் படிக்கறோம். அவங்க அவங்க திரைல. நான் ஒண்ணு விட்டாலும் நாளைக்கே கீழ போறேன்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மேலாளருக்கு நியாயமாகப் பட்டது. தன் அறைக்குப் போய், மறுநாள் அனுப்ப வேண்டிய அந்த இருமல் மருந்துக் கோப்பின் நகல் ஒன்றில் தன் கையாலேயே பிழைகள் வைத்துக் கொண்டுவந்தார். எத்தனை என்று சொல்லவில்லை. நாற்பது நிமிஷம் கொடுத்தார்.

முதல் மேஜை நான்கு பிழை எழுதிக் கொடுத்தது. இரண்டாம் மேஜைக்காரியும் நான்கு. பிழையக்கா முப்பத்தொரு நிமிஷத்தில் முடித்து ஆறு எழுதியிருந்தாள்.

மேலாளர் தாளைப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பென்சிலால் கோடு போட்டு வந்தார். ஐந்தாவதில் புருவத்தை உயர்த்தினார். ஆறாவதில் பென்சில் நின்றது.

"நான் வெச்சது அஞ்சுதாம்மா."

பென்சில் முனையை ஆறாவது வரியில் வைத்தார்.

"ஆறாவதா என்ன எழுதியிருக்கீங்க? 'குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு மூடி. நீக்கவும்.' இந்த வரியே கோப்புல கிடையாது. ஒரு வேளை, அரை மூடினு ஒரே ஒரு வரிதான் இருக்கு. பாருங்க." தன் பக்கம் இருந்த இரண்டாம் மேஜையின் திரையைத் தட்டிக் காட்டினார். வெள்ளைத் தாள். அரை மூடி வரி. அதற்குக் கீழே வெற்றிடம். "இல்லாதத படிக்கறீங்க. இதைத்தான் நான் சொன்னேன்."

இரண்டாம் மேஜைக்காரி எழுந்து கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "இல்லக்கா. காலியாத்தான் இருக்கு," என்றாள்.

கண் பொய் சொல்லத் தொடங்கிவிட்டதா? பிழையக்கா திரும்பித் தன் திரையைப் பார்த்தாள். அந்த வரி அங்கேயேதான் இருந்தது. வெளிர் மஞ்சள் வரிகளுக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று.

நாற்காலியைத் தள்ளிவிட்டு மேலாளருக்கு வழிவிட்டு நின்றாள். அவர் வந்து குனிந்தார். படித்தார். நிமிர்ந்து வெள்ளைத் திரையைப் பார்த்தார். மறுபடி பச்சையைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது: மூன்று வேளை, ஒரு மூடி.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். "உங்க வெள்ளைல மறைஞ்சது என் பச்சைல தெரியுது சார், அவ்வளவுதான்" என்று பிழையக்கா சொன்னதாக இரண்டாம் மேஜைக்காரி இன்றைக்கும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வாள். சிஸ்டம் அப்படித்தான் கேட்டதாகச் சொல்வார், ஆனால் அவர் அப்போது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். பக்கம் அமைப்பவர், "ஒரு வார்த்த பேசலீங்க. பேசியிருந்தா எனக்கு அவ்வளவு பயமா இருந்திருக்காது," என்பார். பிழையக்காவைக் கேட்டால் சிரிப்பாள். நான் பக்கம் அமைப்பவரின் பக்கம்தான். அவ்வளவு பெரிய மௌனம் அங்கே இருந்தபோது, அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வந்திருக்காது.

மௌனத்தைக் கெடுத்தவர் பக்கம் அமைப்பவர்தான். மூலையிலிருந்து எழுந்து வந்தார். வேர்த்திருந்தது.

"நான்தான் சார். வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன்."

"என்ன அடிச்சு?"

"கம்பெனிக்காரங்க இன்னைக்கு மூணு வேளைம்பாங்க, நாளைக்கு ஒரு வேளைம்பாங்க, மறுநாள் பழசையே போடுங்கம்பாங்க. ஒவ்வொரு தடவையும் திருப்பி அடிக்கணும். அதான் பழைய வரிய அழிக்காம எழுத்துக்கு வெள்ளை நிறம் கொடுத்துடுவேன். வெள்ளைத் தாள்ல தெரியாது. அச்சுலயும் வராது. வேணும்னா மறுபடி கறுப்பாக்கிக்கலாம். பல வருஷமா அப்படித்தான் சார்." பிழையக்காவைப் பார்த்தார். "அக்கா மட்டும் கண்டுபிடிச்சுக் குறிப்பு அனுப்பிட்டே இருந்தாங்க. எப்படினு தெரியாம ஒவ்வொரு தடவையும் அவசர அவசரமா அழிப்பேன்."

"எல்லாருக்கும் தெரியுதுன்னுல்ல தம்பி நான் நெனச்சேன்," என்றாள் பிழையக்கா. இதை அவள் சொன்னது நிச்சயம். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிழையக்காவின் நாற்காலியில். அவர் புத்திசாலி, மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. "நாளைக்குப் போற கோப்புல நிறம் போகாது," என்றார் மெல்ல. "எழுத்து மட்டும்தான் போகும். அந்தக் குரலுக்கு வெள்ளை எது கறுப்பு எதுன்னு தெரியாது. ரெண்டையும் படிக்கும்."

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மடியில் இருமுகிற குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பார்வையில்லாத ஒரு தாயை அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும்போது எழுப்பும் மணிச்சத்தம் கேட்டது.

பிறகு மேலாளர் எழுந்து, தான் உட்கார்ந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உக்காருங்கம்மா," என்றார். "அந்தக் குரலுக்குப் போக வேண்டிய மீதிக் கோப்பையெல்லாம் நீங்கதான் பாக்கணும்."

மறுநாள் பார்வையாளர்கள் வந்தபோது மற்ற திரைகள் எல்லாம் வெள்ளையாகவும் ஒன்று மட்டும் கரும்பச்சையாகவும் இருந்தன. அவர்கள் நேராகப் பச்சைக்குத்தான் வந்தார்கள். மேலாளரே விளக்கிச் சொன்னார். தவறு நடக்க இருந்ததையும் மறைக்கவில்லை. பிழையக்கா பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

முந்தின நாள் மாலையே வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஆறு பிழை, வெள்ளை வரி, நாற்காலி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் ஒன்றே ஒன்று விசாரித்தார்:

"பச்சைல எத்தனை சொட்டு கறுப்புனு கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேட்டா சொல்லு. அஞ்சு."

மீதிக் கோப்புகளைப் பார்க்க அவளுக்கு ஐந்து வாரம் ஆனது. அறுநூற்றுச் சொச்சம் கோப்புகளில் நாற்பத்தொரு வெள்ளை வரிகள் கிடைத்தன.

பக்கம் அமைப்பவர் அதற்கப்புறம் அழிக்க வேண்டியதை அழித்தே வேலை செய்தார். பழைய வரிகளைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டார். இப்போதும் அதே மூலையில்தான் இருக்கிறார். சிஸ்டம், மேலாளர் சொல்லி, ஒவ்வொருவரையும் கேட்டு அவரவருக்குப் பிடித்த நிறத்தைத் திரையில் வைத்துக்கொடுத்தார். பிறகு சொந்தமாகக் கடை வைத்துப் போய்விட்டார். மேலாளர் மூன்று வருஷம் இருந்துவிட்டு வேறொரு நிறுவனத்துக்கு மாறினார். இரண்டாம் மேஜைக்காரி இன்று மூன்றாம் மேஜையில் இருக்கிறாள். நாத்தனார் தன் வீட்டு அலமாரிக் கதவுக்கும் அந்தப் பச்சையையே அடிக்கச் சொன்னார். கணவர் கடையில் அந்தக் கலவைக்கு ஒரு எண் கொடுத்து டப்பாவில் ஒட்டினார், கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிழையக்காவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத் திரையும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஓய்வு பெறும் நாள் வரை அவள் பச்சையில்தான் படித்தாள்.